புத்தகத்தைத் தள்ளிவிடும் பிள்ளை

(குடும்ப நல வரிசை. கிராமப் பெற்றோர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



இன்று நான் சத்துணவைப் பற்றியோ தடுப்பூசியைப் பற்றியோ தனியாகப் பேச வரவில்லை. ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன். அதே கேள்வி உங்களில் பலருக்கும் மனத்தில் இருக்கும். கேட்கக் கூச்சப்பட்டு விட்டிருப்பீர்கள்.

ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். அந்தத் தாய் தன் பையனுக்கு ஒன்றரை வயது ஊசி போட வந்திருந்தார். கணவர் ஆரணிக்கு நெசவு வேலைக்குப் போய்வருகிறவர். ஊசி போட்டு முடிந்து எல்லோரும் போன பிறகு மெதுவாக என்னிடம் வந்து சொன்னார்:

"அம்மா, இவங்க அப்பா ஆசையா அறுபது ரூபா குடுத்து ஒரு படப் புஸ்தகம் வாங்கியாந்தாரு. மடியில வச்சு ரெண்டு பக்கம் திருப்பறதுக்குள்ள புடுங்கி வீசறான். இல்லேன்னா கடிக்கிறான். அவரு, 'ஒம் புள்ளைக்குப் படிப்பு ஏறாது போ'ன்னு சொல்லிட்டாரு. எனக்கு ஆத்திரம் வந்து நேத்து ஒரு அடி குடுத்துட்டேன்."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அந்தத் தாய் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தனக்குக் கிடைக்காதது பிள்ளைக்காவது கிடைக்க வேண்டும் என்கிற தவிப்பு அது. நாம் அதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. பையனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மேசைக்கு அடியில் புகுந்தான். எடை பார்க்கும் தராசின் கொக்கியைப் பிடித்து இழுத்தான். வாசலில் ஓர் ஆடு கத்திக்கொண்டு போனது. சட்டென்று திரும்பினான், விரலை நீட்டி "ஆ... ஆ..." என்றான், பிறகு தன் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். "நீயும் பார்த்தியா?" என்று கேட்கிற பார்வை. அப்போதே என் மனத்திலிருந்த பாதிக் கவலை போய்விட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், இந்த வயதுப் பிள்ளை புத்தகத்தை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வயதுக் குழந்தை புத்தகத்தை வாயில் வைக்கும். கிலுகிலுப்பையையும் செருப்பையும் எப்படி அறிந்துகொள்கிறதோ அப்படித்தான் புத்தகத்தையும் அறிந்துகொள்ளும். ஒன்றரை வயதில் நாலு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பும், தலைகீழாகப் பிடிக்கும். ஒவ்வொரு பக்கமாகத் திருப்ப விரல் பழகுவதற்கு இரண்டரை, மூன்று வயது ஆகிவிடும். அதுவரை கிழிபடுவதும் உண்டு. கிழித்தால் ஒட்டுங்கள், அடிக்காதீர்கள்.

இன்னொன்று, நடக்கக் கற்றுக்கொண்ட புதிது. கால் கிடைத்த பிள்ளைக்கு உலகம் முழுவதும் விளையாட்டுத் திடல். அதை இழுத்து மடியில் இருத்தி, "இதைப் பார், அதைச் சொல்" என்றால் இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் தாங்காது. சில பிள்ளைகள் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. இதற்கும் படிப்பு ஏறுவது, ஏறாமலிருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. பெரியவர்கள் நாமே பஞ்சாயத்துக் கூட்டத்தில் எத்தனை நேரம் அசையாமல் உட்காருகிறோம்?

அப்படியானால் புத்தகமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் எதற்கு வேண்டும் என்பதில்தான் நாம் தவறு செய்கிறோம். இரண்டு வயதுக்குள் "அ, ஆ" கற்றுக்கொடுப்பதற்காக அல்ல. தாயோ தகப்பனோ பிள்ளையோடு பேசுவதற்கு ஒரு சாக்கு வேண்டும், அதற்குத்தான் புத்தகம். கருவுற்ற நாளிலிருந்து இரண்டாவது பிறந்த நாள் வரை கணக்குப் போட்டால் சுமார் 1000 நாட்கள். பிள்ளையின் மூளை மிக வேகமாக வளர்கிற காலம் அது. அந்த வளர்ச்சிக்கு முட்டையும் கீரையும் பருப்பும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் முகத்தைப் பார்த்துப் பேசும் பேச்சும். நாம் பேச, பிள்ளை தன் மழலையில் ஏதோ பதில் கொடுக்க, அதற்கு நாம் மறுபடி பேச, இப்படிப் போய்வருகிற பேச்சில்தான் சொல் வளர்கிறது.

ஆகவே எழுத்தைப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "எனக்கே எழுத்துக் கூட்டிப் படிக்க வராதே" என்று வெட்கப்படும் தாய்மார்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். படத்தில் மாடு இருந்தால், அந்தப் பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். "இது யாரு? மாடு. நம்ம வீட்டு லட்சுமி மாதிரி இருக்கா? லட்சுமி என்ன சொல்லும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மனத்துக்குள் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுங்கள். நம்மில் பெரும்பாலோர் கேள்வியையும் கேட்டு, பதிலையும் நாமே சொல்லி முடித்துவிடுகிறோம். பிள்ளைக்கு வாய் திறக்க இடமே கொடுப்பதில்லை. ஐந்து எண்ணுவதற்குள் "ம்மா" என்று ஒரு சத்தம் வரும். வந்தால், "ஆமாம், அம்மான்னு கத்துது, பசிக்குதாம்" என்று ஒரு வார்த்தை சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். முடிந்தால் அப்படியே தொழுவத்துக்குத் தூக்கிப்போய் நிஜ மாட்டைக் காட்டுங்கள். திரும்பி வந்து புத்தகத்தைப் பார்க்காவிட்டால் போகட்டும்.

பிள்ளை எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள். நீங்கள் பாட்டுக்கு இன்னும் ஒரு நிமிஷம் படத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேசிக்கொண்டிருங்கள். பல பிள்ளைகள் வண்டியை உருட்டிக்கொண்டே காதை இந்தப் பக்கம் வைத்திருக்கும். பசி வேளையிலும், தூக்கம் சொக்கும்போதும், மும்முரமாக விளையாடும்போதும் புத்தகத்தை எடுக்காதீர்கள். குளித்துச் சாப்பிட்ட பிறகோ, பொழுது சாய்ந்து திண்ணையில் உட்காரும் நேரத்திலோ எடுங்கள். ஒரே புத்தகத்தையே பத்து நாள் கேட்டால் பத்து நாளும் அதையே காட்டுங்கள். நமக்குச் சலிக்கும், அதற்குச் சலிக்காது.

புத்தகத்துக்கு எங்கே போவது? அங்கன்வாடியில் படங்கள் இருக்கின்றன, கேளுங்கள். பக்கத்தில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால் குழந்தைகள் புத்தகம் இருக்கிறதா என்று தந்தைமார் போய்ப் பார்க்கலாம். ஆனால் எல்லார் வீட்டிலும் விலையில்லாத ஒரு நல்ல படப் புத்தகம் பரணில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் உங்கள் கல்யாண ஆல்பம். "இது யாரு? தாத்தா. இது? அத்தை. அப்பாவுக்கு மீசையைப் பாரு!" பிள்ளைக்குத் தெரிந்த முகங்கள் அதில் இருக்கிற மாதிரி வேறெந்தப் புத்தகத்திலும் இருக்காது. வீட்டிலேயே புத்தகம் தைக்கலாம். பழைய காலண்டரில் உள்ள யானை, மயில், ரயில் படங்களை வெட்டி, சேலைப் பெட்டி அட்டையில் ஒட்டி, கோணி ஊசியால் நூல் போட்டுத் தையுங்கள். கம்பிப் பின் அடிக்காதீர்கள். கழன்றால் வாய்க்குள் போகும். படம் அழகாயிருக்கிறதே என்று பூச்சிமருந்துப் பாக்கெட்டை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

தந்தைமார்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். புத்தகம் வாங்கிவந்தது மிகவும் நல்ல காரியம். ஆனால் வாங்கிக்கொடுத்துவிட்டு, பிள்ளை படிக்கிறதா என்று மேஸ்திரி மாதிரி நின்று பார்ப்பது உங்கள் வேலை அல்ல. நாளைக்குப் பத்து நிமிஷம் பிள்ளையோடு தரையில் உட்காருங்கள். அந்தப் பத்து நிமிஷம் மனைவி நிம்மதியாகக் குளிப்பார்.

செல்போனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உலை கொதிக்கும்போது பிள்ளை காலைச் சுற்றினால் கையில் போனைக் கொடுத்துவிடுகிறோம். எல்லா வீட்டிலும் நடக்கிறது. நான் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் போன் பேசும். பிள்ளை பதில் சொன்னால் அதற்குக் காது கேட்காது. உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இரண்டு வயது ஆகும்வரை பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்றும், அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கதை சொல்வதும் படித்துக் காட்டுவதும் நல்லது என்றும் அதிலேயே இருக்கிறது. சமைக்கும்போது போனுக்குப் பதிலாக இரண்டு கிண்ணமும் ஒரு கரண்டியும் கொடுங்கள். சத்தம் காதைப் பிளக்கும்தான், சகித்துக்கொள்ளுங்கள். நீங்களும், "இது வெங்காயம், இது உரிச்ச வெங்காயம், ஐயோ கண் எரியுது" என்று பேசிக்கொண்டே சமையுங்கள்.

இப்போது, அந்தப் பையனைப் பார்த்ததும் என் கவலை ஏன் பாதி குறைந்தது என்று சொல்கிறேன். அதற்கு என்னுடைய ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும்.

2009-ஆம் ஆண்டு. மல்லாட்டை பிடுங்கும் சமயம். ஒரு தாய் ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தையைக் கொண்டுவந்தார். கணவர் அவருக்குத் தாய்மாமன். "கதை சொன்னாலும் கேக்க மாட்டேங்குது, படம் காட்டினாலும் பாக்க மாட்டேங்குது, ரொம்பப் புடிவாதம்" என்றார். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது; நன்றாக நடந்தது; சிரித்தது. பாட்டியும் கூட வந்திருந்தார். "காதெல்லாம் நல்லாக் கேக்குதும்மா, பின்னாடி நின்னு சொம்பைப் போட்டா திரும்புது, பட்டாசு வெடிச்சா அழுவுது" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும். அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராமே, பயப்படாதீங்க" என்றேன். அந்த வீட்டார் என் வார்த்தையை நம்பினார்கள்.

மூன்று வயது நெருங்கும்போது மறுபடி வந்தார்கள். அப்போதும் "அம்மா" என்ற ஒரு சொல்கூட இல்லை. மாவட்ட மருத்துவமனையில் பரிசோதித்தபோது இரண்டு காதிலும் கடுமையான கேளாமை என்று தெரிந்தது. சொம்பு விழுந்தபோது அது திரும்பியது, தரை அதிர்ந்ததாலும் பாட்டியின் நிழல் அசைந்ததாலும்தான். பட்டாசுபோன்ற பெரிய சத்தம் கொஞ்சம் கேட்கிற காதுக்குப் பேச்சு கேட்காமல் போகலாம். கேளாத பிள்ளைக்குக் கதையில் என்ன அக்கறை இருக்கும்? காதுக்குக் கருவி மாட்டினார்கள். பேச்சுப் பயிற்சியும் கொடுத்தார்கள். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போனாள், பிளஸ் டூவும் முடித்தாள். ஆனால் அவள் பேச்சு வீட்டார் காதுக்குத்தான் புரியும். கடைக்காரருக்கு எழுதிக் காட்டுகிறாள். ஒன்றேகால் வயதில் நான் அனுப்பியிருந்தால் அவளுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் வருஷம் மிச்சமாகியிருக்கும். பேச்சு பழகும் வயதில் ஒன்றே முக்கால் வருஷம் என்பது சின்னக் கணக்கல்ல. அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். பிள்ளை புத்தகத்தைத் தள்ளினால் கவலை வேண்டாம். ஆனால் பேச்சைத் தள்ளுகிறதா என்று பாருங்கள். ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் தலை திரும்ப வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், முகம் பார்க்காமலே கூப்பிட்டாலும், திரும்ப வேண்டும். ஒன்றரை வயதில் தனக்குப் பிடித்ததை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். சில சொற்களாவது வர வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் குடு" என்று இரண்டு சொல் சேர வேண்டும். ஆட்டைக் காட்டிவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தானே அந்தப் பையன், அந்த ஒரு செய்கையில் காது, கண், மனம் மூன்றும் வேலை செய்வது தெரிந்தது. இவை இல்லாவிட்டாலோ, வந்த சொற்கள் நின்றுபோனாலோ, பிள்ளை யார் முகத்தையும் பார்க்காமல் தன்பாட்டுக்கு இருந்தாலோ, "தானாச் சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நானே சொன்னாலும் கேட்காதீர்கள்.

அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள், பிறவியிலேயே காது கேளாமை வர வாய்ப்புச் சற்று அதிகம் என்பதால், முன்கூட்டியே காட்டுவது நல்லது. எடை மிகக் குறைவாகப் பிறந்த பிள்ளை, கடுமையான மஞ்சள் காமாலை வந்த பிள்ளை, மூளைக் காய்ச்சல் வந்த பிள்ளை ஆகியோருக்கும் காதுப் பரிசோதனை அவசியம். கர்ப்ப காலத்தில் ருபெல்லா வந்தால் குழந்தையின் காது பாதிக்கப்படலாம். தட்டம்மையோடு சேர்த்து ருபெல்லாவுக்கும் ஊசி போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஊசி நம் மாநிலத்தில் 2017 முதல் போடப்படுகிறது. இன்னொன்று: சளி பிடித்து காதுக்குள் நீர் கோத்தாலும், சீழ் வடிந்தாலும் கேட்கும் திறன் மங்கும். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, கோழி இறகு விட்டுக் குடைவது எல்லாம் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் ஒரு மருத்துவக் குழு வண்டியில் அங்கன்வாடிக்கு வருஷம் இரண்டு தடவை வருகிறது. அன்றைக்குக் கூலி போனாலும் பரவாயில்லை, பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். குழுவினர் தேவைப்பட்டால் மாவட்ட மையத்துக்கு எழுதிக்கொடுப்பார்கள். காதைப் பரிசோதிக்க ஊசி, கத்தி எதுவும் கிடையாது. பிள்ளை தூங்கும்போதே கருவி வைத்துப் பார்த்துவிடுவார்கள். கருவி மாட்டியும் பயனில்லாத பிள்ளைகளுக்கு உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவி அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் செய்யப்படுகிறது. எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்களோ அவ்வளவு நல்லது.

சோர்ந்து சோர்ந்து படுக்கிற பிள்ளைக்கும் கதை பிடிக்காது. அதற்கு இரத்த சோகை காரணமாயிருக்கலாம். நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் இரத்த சோகை உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. செவிலியர் கொடுக்கும் இரும்புச் சத்து சிரப்பை அலமாரியில் வைத்துப் பூட்டாமல் கொடுங்கள்.

குடும்ப நலத் துறையிலிருந்து வந்துவிட்டு இதைச் சொல்லாமல் போனால் என்னை நீங்களே கேலி செய்வீர்கள். மூத்தது ஒன்றரை வயதில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மடிக்கு வருகிறது. மடியில் நாற்பது நாள் கைக்குழந்தை. "அப்புறம் வாடா" என்கிறார் தாய். பிள்ளை மூன்று தடவை வரும். நாலாவது தடவை வராது. தாயும் பாவம், தூக்கமில்லை, உடம்பில் இரத்தமில்லை. ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் மூன்று வருஷமாவது இடைவெளி விட்டால் மூத்ததற்கும் மடி கிடைக்கும். தாய்க்கும் உடம்பு தேறும். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை, நிரோத் என்று பல வழிகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே உண்டு. எது உங்களுக்கு ஏற்றது என்று கணவன், மனைவி இருவருமாக வந்து கேளுங்கள். தனியாகப் பேச வேண்டுமென்றால் தனியாகவே பேசலாம்.

அந்தத் தாய் போன மாதம் மறுபடி வந்தார். பையன் இப்போதும் மடியில் உட்காருவதில்லையாம். ஆனால் சாயங்காலம் அப்பா சைக்கிள் மணி கேட்டதும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறானாம். தலைகீழாகத்தான் பிடிக்கிறான், ஒரே ஒரு பக்கம்தான், ஆட்டுப் படம். கல்யாண ஆல்பத்தில் தாத்தாவின் படத்தை எச்சில் பண்ணிவிட்டான் என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் நான் அரை மணி நேரம் இங்கேயே இருப்பேன். பிள்ளையின் காதைப் பற்றியோ பேச்சைப் பற்றியோ சந்தேகம் இருப்பவர்கள் தாய் சேய் நல அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.